ஆரல்வாய்மொழி தாண்டும் வரை

மார்த்தாண்டத்துப் பிள்ளைகளுக்கு மிருகக்காட்சி சாலை என்றால் திருவனந்தபுரம். விமான நிலையமும் அங்கேதான், பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான், அலை பார்க்கப் போகும் கோவளமும் அந்தப் பக்கம்தான். களியக்காவிளை தாண்டிவிட்டால் எல்லாம் கைக்கெட்டும் தூரம். எங்கள் விளவங்கோடு உள்ளிட்ட தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆகி எழுபது வருஷம் நெருங்குகிறது. ஆனாலும் எங்கள் ஊரில் மேற்கே போவதென்றால் பக்கத்து வீட்டுக்குப் போவது போல. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிழக்கே போவதற்குத்தான் ‘யாத்திரை’ என்று பெயர். மதுரையே ஏறக்குறைய 270 கிலோமீட்டர். சென்னை எழுநூற்றுச் சொச்சம்.

கிழக்கே போவோம் என்று இழுத்தது மூத்தவள். ஏழு வயது. தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தை எங்கோ பார்த்துவிட்டு, “இது பத்மநாபசாமி கோயில விட வலியதா பாட்டா?” என்று என் அப்பாவிடம் கேட்டாள். “போய்ப் பாத்தா தெரியும்லா மக்களே” என்றார் அவர். வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த நேரம், மே மாதம், பள்ளிக்கூடம் கிடையாது. தஞ்சாவூர் வரை சுமார் 460 கிலோமீட்டர், காரிலேயே போவது என்று முடிவாயிற்று. நாங்கள் இருவரும், அப்பாவும், ஏழு வயதுக்காரியும், மூன்றரை வயதுக்காரனும்.

செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விகளெல்லாம் ஒரே மாதிரி: எத்தனை ஜோடி உடுப்பு, அங்கே ரூம் போட்டாச்சா, போர்வை எடுத்தியா. எல்லாமே போய்ச் சேரும் ஊருக்கான ஏற்பாடு. பெரியவர்களுக்குப் பயணம் என்பது போய்ச் சேர்வது. பிள்ளைகளுக்கு அப்படியில்லை, பத்து மணி நேரத்துக்கு அந்த வண்டிதான் அவர்களுக்கு வீடு, திண்ணை, பள்ளிக்கூடம், சில நேரம் ஆஸ்பத்திரி. டிக்கியில் என்ன இருக்கிறது என்பதைவிட, பின் சீட்டில் இருப்பவரின் கைக்கு என்ன எட்டும் என்பதுதான் முக்கியம். நான் பெட்டி அடுக்கியது அந்த வரிசையில்தான்.

இன்னொன்றும் உண்டு. மார்த்தாண்டத்திலிருந்து கிழக்கே போகிறவர்கள் இரண்டு தேசங்களுக்குச் சேர்த்து மூட்டை கட்டவேண்டும். ஆரல்வாய்மொழி வரை ஒன்று: பச்சை, ஈரம், ரப்பர் மரம், வீட்டுக்கு வீடு ஒட்டிய குறுகிய சாலை, நிமிஷத்துக்கு ஒரு வளைவு. அந்தக் கணவாயைத் தாண்டினால் இன்னொன்று: வானம் வரை வெட்டவெளி, நேர்கோடாக நான்குவழிச் சாலை, வெயில். முதல் தேசத்தில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். இரண்டாவதில் தாகமும் சலிப்பும் வரும். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது.

முதல் சண்டை சீட்டுக்கு. எங்கள் பக்கத்தில் காரில் போவதற்கு ஒரு மரபு இருக்கிறது: வீட்டுப் பெரியவர் முன்னால், அவர் மடியில் சின்னப் பிள்ளை. பிள்ளைக்கும் வேடிக்கை, பெரியவருக்கும் மரியாதை. அப்பாவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். “பிள்ளைய நான் மடியில வச்சுக்கிட்டா என்ன கொறஞ்சு போவும்?” என்றார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சட்டென்று மோதி நின்றால், மடியிலிருக்கும் பதினைந்து கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த எந்தக் கைக்கும் வலுவில்லை. முன்னாலிருந்து வெடித்து விரியும் ஏர்பேக், பெல்ட் போட்ட பெரியவரின் மார்பைக் காப்பதற்காகச் செய்தது. நடுவில் ஒரு குழந்தை இருந்தால் அது காப்பாற்றாது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அப்பா அசையவில்லை.

பின் சீட்டில் பெல்ட் எதற்கு என்றும் கேட்டார். இந்தக் கேள்வி அப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் அதையே கேட்பார்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே இறந்தாரே, விலை உயர்ந்த வண்டிதான், அவர் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில்தான், பெல்ட் போடவில்லை. அதன் பிறகு சில மாதம் எல்லோரும் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றது, பெல்ட்டும் பழையபடி சீட்டுக்கு அடியில் போய்விட்டது.

ஷார்ஜாவில் நான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இருக்கை இல்லாமல் வண்டி எடுக்க முடியாது; அமீரகம் முழுக்க 2017 முதல் அந்தச் சட்டம். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்காரர் இந்த லீவுக்கு வரும்போதே ஒரு குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பயணத்துக்கு முந்தைய வாரமே அதை வண்டியில் கட்டி, குழித்துறைப் பாலம் வரை, கருங்கல் வரை என்று பையனை அதில் வைத்தே சுற்றினோம். புது இருக்கையைக் கிளம்பும் நாளன்று காலையில் முதல்முதலாகக் காட்டுவது தேவையில்லாத வம்பு. நாலு நாள் பழகியதும் அது அவனுக்குச் சிம்மாசனம் ஆகிவிட்டது. உயரத்தில் உட்காருவதால் வெளியே நன்றாகத் தெரிகிறது, அதுவே பெரிய லஞ்சம். பிறகு அவனே பாட்டாவைப் பார்த்து, “பாட்டா பெல்ட் போடல்ல” என்று கத்தத் தொடங்கினான். சட்டம் சொல்லிக் கேட்காத அப்பா அதற்குக் கேட்டார். “அப்ப நான் என்ன, மூட்டையா?” என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

எந்தப் பக்கம் யார் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் வடக்கு நோக்கிப் போகும் வண்டிக்கு வெயில் வலப்பக்கம் விழும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இலேயே சொல்லிவிட்டது. அதனால் சின்னவன் இருக்கை இடது பின்பக்கம். இறக்கி ஏற்றுவதும் சாலை ஓரமாகவே நடக்கும். லாரி உரசிப் போகும் பக்கத்தில் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க வேண்டாம். மூத்தவள் வலது ஜன்னல், நான் நடுவில். இரண்டு பக்கமும் கை நீட்டினால் எட்டும் இடம் அது ஒன்றுதான். சுகமான இடம் என்று சொல்லமாட்டேன்.

வீட்டுக்காரரின் கையைப் பழக்குவதும் முன்னேற்பாட்டில் ஒன்று. அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், ஸ்டீயரிங் இடப்பக்கம், இண்டிகேட்டர் இடது கையில். இங்கே எங்கள் வண்டியில் அது வலது கையில். லீவுக்கு வந்த முதல் சில நாள் அவர் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர் ஓடும். மார்த்தாண்டம் கடைவீதியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது வைப்பர் ஆட்டிக்கொண்டு போகும் வண்டியைக் கண்டால் ஊரே புரிந்துகொள்ளும்: ஆள் வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறார். வைப்பர் அடங்கும்வரை நெடுஞ்சாலை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

சாப்பாட்டு விஷயத்தில் மாமியாருக்கு ஆலோசனை தேவைப்படவில்லை. கிளம்புவதற்கு முன்பே முந்திரிக்கொத்து போட்டுவிட்டார்கள். சிறுபயறை வாசனை வரும்வரை வறுத்து, தோல் நீக்கி, ரவை பதத்துக்கு உடைத்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலமும் சேர்த்து, கருப்பட்டிப் பாகை விட்டுக் கிளறி, சூடு ஆறுவதற்குள் உருட்டி, அரிசிமாவில் முக்கி எண்ணெயில் போடுவது. பாகு கொஞ்சம் இளகினால் உருண்டை எண்ணெயில் கரைந்துவிடும். கொஞ்சம் முறுகினால் பல் போய்விடும். மாமியார் பாகில் ஒரு துளியை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, மறுபடி அடுப்பில் வைத்தார்கள். சரியாக வந்தால் ஒரு வாரம் கெடாது. கையில் ஒட்டாது, நொறுங்கி சீட்டில் விழாது, பிள்ளைக்கு வயிறும் நிறையும். பயணத்துக்கென்றே யாரோ கண்டுபிடித்த பண்டம் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. பாக்கெட் சிப்ஸ் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதிலிருக்கும் உப்பு, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தண்ணீர் கேட்க வைக்கும், தண்ணீர் வேறொன்றைக் கேட்க வைக்கும்.

பழத்துக்கு ஒரு சீப்பு மட்டி. சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மணம் மட்டும் வீடு கொள்ளாது. எங்கள் மாவட்டத்தில் பிள்ளைக்கு முதலில் கொடுக்கும் பழமே அதுதான். 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. அதே ஆண்டு குறியீடு பெற்ற இன்னொன்று மார்த்தாண்டம் தேன். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் இங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து தொடங்கிய தொழில். வெளியூர் போகிறவர் கையில் தேன் பாட்டில் இல்லாமல் எங்கள் ஊரில் விடமாட்டார்கள். இரண்டு எச்சரிக்கை: பாட்டிலைச் சோற்றுப் பாத்திரம் மாதிரி நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும், போகும் வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால், அதன் நாக்கில் தொட்டு வைக்க விடக்கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் நஞ்சாக முளைக்கும். நல்ல தேன், கெட்ட தேன் என்ற பேதம் இதில் இல்லை.

கிளம்புவது காலை நாலரை என்று வைத்துக்கொண்டோம். முதல் தேசத்தைப் பிள்ளைகள் தூங்கும்போதே கடந்துவிடலாம் என்ற யோசனை. இதில் ஒரு பொறி உண்டு. பல வீடுகளில் நடுராத்திரி வரை பை கட்டிவிட்டு, மூன்றரைக்கு எழுந்து, நான்குக்கு வண்டி எடுக்கிறார்கள். விடியற்காலை நேரம்தான் உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். நெடுஞ்சாலையில் கண் செருகி நடக்கும் விபத்துகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அதனால் கடைசிப் பை இரவு ஏழுக்குக் கட்டி முடிந்தது. வண்டி ஓட்டுகிறவர் எட்டரைக்குப் படுத்துவிட வேண்டும், விடைபெற வந்த சொந்தக்காரர்களை அப்பா திண்ணையிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. சொந்தக்காரர்களில் ஒருத்தருக்கு வருத்தம்தான். டயர் காற்றை முந்தின மாலை, வண்டி ஓடாமல் ஆறிக்கிடந்தபோது பார்த்தாயிற்று; ஸ்டெப்னிக்கும் சேர்த்து. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் வண்டிக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளிலேயே இருக்கிறது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறும்போது ஊர் இருட்டாகக் கிடந்தது. இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள இரும்புப் பாலம். 2019 மார்ச்சில் முறைப்படி திறந்தார்கள். அதற்கு முன்பு இந்தக் கடைவீதியைக் கடப்பதற்குள்ளேயே பிள்ளைகள் “வந்தாச்சா?” என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். பாலம் இறங்கியதும் பழைய கதை. பம்மம், இரவிபுதூர்க்கடை, சாமியார்மடம், அழகியமண்டபம், தக்கலை: ஒவ்வொன்றும் ஒரு வளைவு, ஒரு சந்திப்பு, ஒரு சர்ச் அல்லது கோயில், ஒரு டீக்கடை. நான்குவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. நாகர்கோவில் வரை முப்பது கிலோமீட்டர்தான். பகலில் இதற்கு ஆகும் நேரத்தில் அந்தப் பக்கம் நெல்லையிலிருந்து கோவில்பட்டிக்கே போய்விடலாம்.

வில்லுக்குறி தாண்டும்போது மூத்தவள் விழித்துக்கொண்டாள். சுங்கான்கடையில் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பேச்சு நின்றுபோவது, எச்சில் விழுங்குவது, கொட்டாவி: இவை மூன்றும் வந்தால் உங்களுக்கு இரண்டு நிமிஷம் இருக்கிறது. இந்த இடத்தில் கைக்கு எட்டவேண்டிய பொருள், மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பா. பாலித்தீன் பை மாதிரி கை நழுவாது, ஓட்டை இருக்காது, மூடினால் வாசனை வெளியே வராது. ஒருத்தி வாந்தி எடுத்த வாசனையில் அடுத்தவனும் எடுப்பதுதான் வழக்கம். டப்பாவுக்குள் முன்கூட்டியே பழைய துணித்துண்டு ஒன்று போட்டு வைத்தால் தளும்பாது. அதற்குப் பிறகு ஈரத்துணி, கொப்பளிக்கத் தண்ணீர், மாற்றுச் சட்டை ஒன்று. இந்த நான்கும் என் காலடிப் பையில். டிக்கியில் இருந்திருந்தால் இல்லாததற்குச் சமம்.

இது வயிற்றுக் கோளாறு இல்லை. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், உடம்பு வளைகிறது, ஆடுகிறது என்கிறது. முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு சாட்சியும் ஒத்துவராதபோது மூளை குழம்பிப்போகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம். இரண்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் பாடு. ஆகவே ஆரல்வாய்மொழி தாண்டும் வரை போன் கிடையாது, படப்புத்தகமும் கிடையாது, முன் கண்ணாடி வழியாகத் தூரத்தைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. ஒரு இட்லி போதும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்தால் சிலருக்குக் கேட்கிறது. மாத்திரை வேண்டுமென்றால் முன்னதாகவே டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் கொடுக்க வேண்டும்; வாந்தி வந்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வந்துவிடும். தோவாளையில் பிச்சிப்பூ வாங்கி முன்னால் தொங்கவிடும் ஆசையை அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். ஏ.சி. போட்டு அடைத்த வண்டிக்குள் அந்த மணம் பெரியவர்களுக்கே தலையைச் சுற்றும்.

கணவாயில் விடிந்தது. முப்பந்தலில் காற்றாலைகள். இந்த மலை இடைவெளியில் தென்மேற்குக் காற்று பிதுங்கிக்கொண்டு வருவதால்தான் 1980களிலிருந்து இங்கே நட்டுக்கொண்டே போகிறார்கள். இன்று 1,500 மெகாவாட் அளவுக்கு. கூரை மேல் பெட்டி கட்டிய வண்டிகளை அந்தக் காற்று பக்கவாட்டில் தள்ளும். எங்கள் பெட்டிகளெல்லாம் உள்ளேயே இருந்தன. வாந்தி எடுத்து வாடியிருந்தவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி முகத்தைக் காட்டியதும் தெளிந்துவிட்டாள். சின்னவன் எழுந்து, “யாரு இத்தன ஃபேன் போட்டது?” என்றான்.

காவல்கிணற்றில் கன்னியாகுமரி–ஸ்ரீநகர் சாலையில் சேர்ந்தோம். அதற்கடுத்து பணகுடி. இந்த இடத்தை நான் சும்மா கடந்துபோவதில்லை. 2022 ஜூனில் இங்கே லெப்பைக்குடியிருப்பில், நிறுத்தியிருந்த ஒரு காருக்குள் விளையாட ஏறிய மூன்று சின்னப் பிள்ளைகள் கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறும். பிள்ளையின் உடம்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். ஜன்னலை விரல் அளவு இறக்கி வைத்தால் போதும் என்பது பொய். அதனால் எங்கள் வண்டிக்கு இரண்டு விதி. தூங்குகிற பிள்ளையை விட்டுவிட்டு ஐந்து நிமிஷ டீ கூடக் கிடையாது. வீட்டில் நிற்கும்போதும் வண்டி பூட்டியே இருக்கும், சாவி அலமாரி மேல். பின் கதவுகளின் விளிம்பில் உள்ள சைல்டு லாக்கைப் பயணத்தில் போட்டுவிடுவோம். ஓடும் வண்டியில் பிள்ளை கதவைத் திறக்காதிருக்க. அது போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது என்பதையும் வண்டியிலிருக்கும் பெரியவர்கள் அத்தனை பேரும் தெரிந்திருக்க வேண்டும். ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தால் ஆள் வருவார்கள் என்று மூத்தவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கற்றுக்கொண்ட அன்றைக்கு முழுக்க அமுக்கினாள், பரவாயில்லை.

நாங்குநேரி சுங்கச்சாவடி முதல் சாலை நேர்கோடு. இங்கேதான் சலிப்பு தொடங்கும். போன் கேட்டு இரண்டு பேரும் கை நீட்டும் இடமும் இதுதான். நாங்கள் வைத்திருந்தது நம்பர் பிளேட் விளையாட்டு. மார்த்தாண்டத்து வண்டி டி.என். 75. நாகர்கோவில் 74. நெல்லைக்குள் வந்தால் 72, தூத்துக்குடி 69, விருதுநகர் 67, மதுரையில் 58, 59, 64 என்று பல, திருச்சி 45, தஞ்சாவூர் 49. புது எண்ணை முதலில் கண்டவருக்கு ஒரு முந்திரிக்கொத்து. ஊர் 75-ஐ எங்கே கடைசியாகக் காண்கிறோமோ அங்கே கண்டவருக்கு இரண்டு. எந்த மாவட்டத்தில் இருக்கிறோம் என்று யாரும் பாடம் எடுக்காமலே ஏழு வயதுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. கங்கைகொண்டான் பக்கம் ஒரு லாரியின் பின்னால் 75-ஐக் கண்டு அவள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

விளையாட்டு அலுத்தபோது அப்பா கதை சொன்னார். அதற்கும் முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தேன்: “அப்பா, ராமாயணமும் பைபிளும் பிள்ளைகளுக்குத் தெரியும். உங்க சின்ன வயசு சொல்லுங்க.” 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்கும் ஏழு வயது. தமிழ்த் தாலுகாக்களைத் தாய்த் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். பெரிய அரசியலெல்லாம் அப்பா சொல்லவில்லை. அவருடைய அம்மா அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதையும், அன்று ராத்திரி விளக்கேற்றாமல் மரச்சீனி தின்றதையும் சொன்னார். “அப்ப நீங்க கேரளாவா பாட்டா?” என்று கேட்டாள் இவள். “அப்ப கேரளாவே இல்ல மக்களே” என்றார். இதைப் புரியவைக்கக் கயத்தாறு வரை ஆயிற்று.

கயத்தாற்றில் இறங்கினோம். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். சிவாஜி கணேசன் நிலம் வாங்கிச் சிலை வைத்த ஊர். பெரியவர்கள் சிலையைப் பார்க்க, பிள்ளைகள் ஓடினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இப்படி ஓடவிட்டால்தான் மறுபடி பெல்ட்டுக்குள் அடங்குவார்கள். நிறுத்தும் இடத்தை டீக்கு ஏற்ப வைப்பதைவிட ஓடுவதற்கு ஏற்ப வைப்பது நல்லது.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் பயணத் திட்டத்தைக் கழிவறையிலிருந்து தொடங்க வேண்டும். பெட்ரோல் பங்கில் கழிவறை இருக்க வேண்டும் என்பது விதி. சுங்கச்சாவடி அருகிலும் இருக்கும். இருப்பது வேறு, உள்ளே நுழைய முடிவது வேறு. ஒரு பங்கில் பூட்டுத் தொங்கியது. சாவி கேட்டால் “முதலாளி வந்தால்தான்” என்றார்கள். நம் பெண்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அதைப் பார்த்து ஏழு வயதுப் பிள்ளையும் பழகிக்கொள்கிறது. கேட்டால் “தாகமில்லை” என்கிறது. மே மாத வெயிலில் இது விபரீதம். டிக்கியில் சின்னவனின் பாட்டியை எடுத்துப் போயிருந்தோம், அந்த பிளாஸ்டிக் பாட்டி. சாத்தூர் அருகே சர்வீஸ் சாலையில் வண்டியை ஓரங்கட்டி, இடப்பக்க இரண்டு கதவையும் திறந்து, நடுவில் தோர்த்தைப் பிடித்தால் அறை தயார். மூத்தவள் முதலில் மாட்டேன் என்றாள். பிறகு பாட்டா அந்தப் பக்கம் திரும்பி நின்று காவல் காக்க, சம்மதித்தாள். நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே நிறுத்தக்கூடாது. பின்னால் வருகிற லாரிக்கு நாம் நிற்கிறோமா ஓடுகிறோமா என்பது கடைசி நொடியில்தான் தெரியும். வண்டி மக்கர் பண்ணி நின்றுவிட்டால் பிள்ளைகளை இறக்கித் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டு, 1033-ஐ அழைக்க வேண்டும்.

சாத்தூரில் வெள்ளரிக்காய். அந்த வெயிலுக்கு அதைவிட நல்ல தின்பண்டம் இல்லை. நீளவாக்கில் கீறி மிளகாய்ப்பொடி போடவந்த அக்காவிடம், “பிள்ளைகளுக்கு உப்பு மட்டும்” என்று சொல்லி வாங்கினோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் முன்பே ஏறியிருந்தது. தண்ணீர் வீட்டிலிருந்தே, சீரகம் போட்டுக் கொதித்தாறியது. முதல் நாளாவது பிள்ளைகளுக்கு வயிறு பழகிய தண்ணீர் நல்லது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நான்கு எடுத்துவைத்திருந்தேன். அது இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தட்டையான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கைக்கு வந்தபடி அள்ளிப் போடக்கூடாது, உப்பு கூடினால் கெடுதல்.

எட்டூர்வட்டம், கப்பலூர் சாவடிகளில் ஃபாஸ்டாக் சத்தமில்லாமல் வேலை செய்தது. மதுரையை ஓரமாகச் சுற்றி, மேலூருக்கு முன்பு சாப்பாடு. பிறகு இருவரும் தூங்கிவிட்டார்கள். விராலிமலையில் மயில் காட்ட எழுப்பலாமா என்று அப்பா கேட்டார். தூங்குகிற பிள்ளையை மயிலுக்காக எழுப்புகிறவர் பிள்ளை வளர்த்ததில்லை என்று வீட்டுக்காரர் சொன்னார், மாமனாரிடம்! அப்பா சிரித்துவிட்டார், நல்லவேளை.

மறுநாள் பெரிய கோயிலுக்குப் போய்ச் சேர காலை பத்து மணி ஆகிவிட்டது. முந்தின நாளின் களைப்பு. அதற்குள்ளேயே பிராகாரக் கல் காய்ந்த தோசைக்கல். செருப்பு கிடையாது. இரண்டு பேருக்கும் தடிமனான பருத்திக் காலுறை கொண்டு போயிருந்தேன். மற்ற பிள்ளைகள் நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருக்க, இவர்கள் நந்தியைச் சுற்றி நிம்மதியாக ஓடினார்கள். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம், 216 அடி. மூத்தவள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆமா பாட்டா, இதுதான் வலியது” என்றாள். விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு அவளுக்குக் கோயிலில் பெரிய ஈடுபாடு இல்லை. சின்னவனுக்கு நந்தியின் பெரிய வாலே போதுமானதாக இருந்தது.

வெளியே தலையாட்டி பொம்மைக் கடை. திரும்பிப் போக மறுபடி 460 கிலோமீட்டர் இருக்கிறது என்பதை மனதில் வைத்து, ஒரே அளவு, ஒரே நிறம், இரண்டு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என்னையும் பிள்ளைகளையும் ஒரு முறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், அச்சு அசலாக இரண்டு சிவப்புப் பாவாடைக்காரிகளை எடுத்து வந்தார். “எனக்கு ஒண்ணும் வேண்டாமா?” என்றார் அப்பா. சிவப்பில் மூன்றாவது இல்லை, பச்சை இருந்தது. பில் போட்டு முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் பச்சைதான் வேண்டும் என்றாகிவிட்டது.